வானத்துக்கு மார்க் போடுகிறவர்கள்

ஃபின்லாந்தின் வடகோடியில் உள்ள கண்ணாடி இக்லூ விடுதிகளின் விளம்பரப் படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. கூரைக்கு மேலே பச்சை வெள்ளம், கீழே கட்டிலில் ஒரு ஜோடி. (இக்லூ இனுயிட் மக்களுடையது. இங்குள்ள சாமி மக்களுடையது லாவ்வு கூடாரம். அது வேறு கூத்து.) அந்தப் பச்சை பொய்யில்லை, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் உமிழ்வதுதான். ஆனால் கேமரா பல விநாடிகள் ஒளியைச் சேர்த்துவைக்கிறது. நம் கண்ணுக்கு அது முடியாது, இருட்டில் நிறமும் சரியாகத் தெரியாது. துருவ ஒளி மங்கலாக வந்தால் சாம்பல் மேகம் மாதிரிதான் இருக்கும். காசைக் கொட்டிப் போனவர் “இவ்ளோதானா?” என்கிறார். படத்தை வைத்து வானத்துக்கு மார்க் போடுகிறார்.

டேனிஷ் ஓவியர் ஹரால்ட் மோல்ட்கேயின் துருவ ஒளி ஓவியங்களை இந்தப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டென்மார்க் வானிலை நிறுவனத்தின் ஆய்வுக் குழுவோடு 1899இல் ஐஸ்லாந்துக்கும், 1900-01 குளிர்காலத்தில் இதே வடஃபின்லாந்தின் உட்ஸ்யோக்கிக்கும் போனவர். அன்றைய புகைப்படத்துக்கு அந்த நிறங்கள் சிக்காது, அதனால்தான் ஓவியர். குளிரில் நின்று பென்சிலால் கோடிழுத்துக்கொண்டு, பிறகு எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். நிறத்துக்கு ஞாபகம்தான் பெரிய துணை. சில படங்கள் கொஞ்சம் விறைப்பு, ஆய்வறிக்கை வாடை அடிக்கிறது. இருந்தாலும் அவற்றில் இருட்டு இருட்டாகவே இருக்கிறது. ஒளி வெளிறிய திரையாகத் தொங்கி, ஓரத்தில் கரைந்துபோகிறது. அந்த வெளிறலை அவர் குறையாக நினைக்கவில்லை.