கணப்பில் எரிந்த சுருள்

கி.மு. 604இன் குளிர்காலம். எருசலேம் அரண்மனையில் யோயாக்கீம் அரசன் கணப்பின் முன் அமர்ந்திருக்கிறான். தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதிய எச்சரிக்கைச் சுருளை யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்திகள் முடிந்ததும் அந்தத் துண்டு எழுத்தரின் சூரிக்கத்தியால் அறுபட்டு நெருப்பில் விழுகிறது. சுருள் தீரும்வரை இப்படியே. எரிக்க வேண்டாமென்று மூன்று பிரபுக்கள் மன்றாடியும் பயனில்லை. ஏறத்தாழ அதே வேளையில் பாபிலோனியப் படை கடற்கரை நகரான அஸ்கலோனை வீழ்த்தியது. அரசன் நிலைமை அறியாதவன் அல்லன்.

மன்றாடியவர்களில் கெமரியா ஒருவர். அவருடைய தந்தை சாப்பான் வாசித்த நியாயப்பிரமாண நூலைக் கேட்டு, யோயாக்கீமின் தந்தை யோசியா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். ஒரே தலைமுறையில் எவ்வளவு மாற்றம்!

தீர்க்கதரிசன எச்சரிக்கையின் பெரும்பலம் அதன் குற்றச்சாட்டில்தான் இருக்கிறது என்பேன். எரேமியா பொத்தாம்பொதுவாகப் பாவம் என்று பேசி நிறுத்தவில்லை. கேதுருப் பலகை பதித்து, ஜாதிலிங்க வர்ணம் பூசி மாளிகை எழுப்பும் அரசன் வேலையாட்களுக்குக் கூலி தரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். பாபிலோன் படையெடுத்து வராமலே போயிருந்தாலும் அந்தக் கூலி பாக்கிதான். சுருள் எரிந்த பிறகு பாருக்கு அதை மறுபடி எழுதினார், இன்னும் அதிகமான சொற்களோடு. இந்தப் பிடிவாதம் எனக்கு மிகப் பிடித்தமானது.

முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. சீயோன் உழப்பட்ட வயலாகும் என்று தீர்க்கதரிசி மீகா சொன்னார். எசேக்கியா அரசன் பயந்து கர்த்தரை வேண்டினான். அழிவு அப்போது வரவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, எரேமியாவைக் கொல்லத் துடித்த கூட்டத்தின் முன் மூப்பர்கள் இதையே சான்றாக எடுத்துச் சொன்னார்கள். ஆக, பலன் தந்த எச்சரிக்கை நிறைவேறாமல் போகும். உபாகமமோ, நிறைவேறாத வார்த்தை கர்த்தருடையது அல்ல என்று அளவுகோல் வைக்கிறது. இரண்டு ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி உறுதியாகச் சொன்னபோது, தேவாலயத்தில் நின்று கேட்டவர்கள் எதை வைத்து முடிவு செய்திருக்க முடியும்? செவிகொடாதவர்கள் எல்லோரையும் கடினநெஞ்சர்கள் என்று ஒரே கணக்கில் சேர்ப்பது நியாயமாகப் படவில்லை.

எருசலேம் பாபிலோனிடம் விழுந்த பிறகு இன்னும் பெரிய குறை தெரிகிறது. அழிவுக்குக் காரணம் மனாசே அரசனின் பாவங்கள் என்கிறது இராஜாக்களின் புத்தகம். மனாசே இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகியிருந்தது. முற்றுகையில் பசியால் செத்த குழந்தைகள் அவனைப் பார்த்ததே இல்லை. தகப்பன் தின்ற திராட்சைக்காய்க்குப் பிள்ளையின் பல் ஏன் கூசவேண்டும் என்ற முறையீட்டை எசேக்கியேல் காதில் வாங்கி, அவனவன் பாவம் அவனவனுக்கே என்று தீர்த்துச் சொன்னார். மறுப்பு வெளியிலிருந்து வரவில்லை, தீர்க்கதரிசிகளுக்குள்ளிருந்தே வந்தது. இந்த நூல்களை நான் மதிப்பதற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் எகிப்துக்கு ஓடிய யூதப் பெண்களின் வாதம் அப்படியே நிற்கிறது. வானராக்கினிக்குத் தூபம் காட்டியவரை அப்பத்துக்குக் குறைவில்லை; நிறுத்திய நாள்முதல் பட்டயமும் பஞ்சமும்தான் என்றார்கள். துன்பத்தைத் தெய்வத்தின் தீர்ப்பாக வாசிக்கும் அதே முறை; தெய்வம் மட்டும் வேறு. எரேமியா அந்த நிகழ்ச்சிகளையே எதிர்த்திசையில் வாசித்துக் காட்டி, எகிப்திலும் பட்டயமும் பஞ்சமும் அவர்களைத் தொடரும் என்று அறிவிக்கிறார்.