பேயுருவும் பெண்ணுடலும்

காரைக்காலில் ஆனித் திங்கள் மாங்கனித் திருவிழாவில் புனிதவதியாரின் திருமணமும் கொண்டாடப்பெறுகிறது. பெரியபுராணத்திலோ, அத்திருமணம் முறிந்த பின்னரே அவர் தசையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெறுகிறார். தலையால் நடந்து கயிலை ஏறியவரைச் சிவன் 'அம்மை' என அழைக்கிறார். அவ்வுரு அவரே விரும்பி ஏற்றது. சேக்கிழார் அதனைச் சிறுமையாகப் பாடவில்லை என்பதைக் கிறிஸ்தவ வாசகர் மறத்தலாகாது. ஆயினும், அழகு நீங்கிய பெண்ணுடலுக்குப் பக்தியும் தாய்மையும் பொருந்தும், காதல் பொருந்தாது என்னும் எண்ணம் இக்கதையைக் கேட்போர் உள்ளத்தில் எளிதில் தங்கிவிடுகிறது என நாம் கருதுகிறோம். தானே துறப்பது வேறு. ஊனமுற்ற பெண்ணுக்குப் பிறர் துறவை விதிப்பது வேறு. 1994இல் மகாராஷ்டிரத்துச் சிரூர் அரசு இல்லத்தைச் சேர்ந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களின் கருப்பைகள் அகற்றப்பட்டன. மாதவிடாய்த் தூய்மையே காரணமாகச் சொல்லப்பட்டது! அவரவர் இசைவின்றி மலடாக்கும் மருத்துவத்தை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தடுக்கிறது.

நம் திருமறையோ இதில் நாணவில்லை. பார்வை குன்றிய லேயாள் கணவனின் நேசத்திற்கு ஏங்கியதை ரூபன், சிமியோன், லேவி என்னும் பெயர்களிலேயே ஆதியாகமம் 29 பதித்து வைத்துள்ளது. (பெயர்ப்பட்டியல் என்று கடந்துவிடுவோரே பலர்.) பிரசங்க பீடங்களில் அவள் பெரும்பாலும் யூதாவின் தாயாக மட்டுமே நிற்கிறாள்.