கதை பேசி ஒரு ஆராய்ச்சி

'யார்ன்' என்றால் நூல். நம்மூரில் ஒருத்தன் கயிறு திரிக்கிறான் என்றால் புளுகுகிறான் என்று அர்த்தம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கு 'யார்னிங்' என்பது சாவகாசமாக உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசுவது. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், என்ன உறவு... இதெல்லாம் தெரிந்த பிறகுதான் விஷயம்.

இதையே ஆராய்ச்சி முறையாக்கி, டான் பெஸ்ஸாராபும் பிரிஜெட் இங்காண்டுவும் 2010-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆஸ்திரேலியா, போட்ஸ்வானா இரண்டு இடத்திலும் பேசிப் பார்த்த அனுபவம். பெஸ்ஸாராப் அந்த மண்ணின் பெண். அதனால், வேடிக்கை பார்க்கிற தொனி இல்லை.

பேச்சில் நாலு ரகம் சொல்கிறார்கள். ஊர்க்கதை, ஆராய்ச்சி விஷயம், சேர்ந்து யோசிப்பது. நாலாவதுதான் என்னை உட்காரவைத்தது. பேசுகிறவர் திடீரென்று பழைய காயத்தைத் திறந்துவிட்டால், ஆராய்ச்சியை ஓரங்கட்டிவிட்டுச் சும்மா காது கொடுக்கணும். பெற்றவளிடமிருந்து பிள்ளைகளை அரசாங்கமே பிடுங்கிப்போன தேசம் அது. அதற்குப் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதே 2008-ல்தான். ஃபாரத்தோடு வருகிறவனை யார் நம்புவார்கள், சொல்லுங்கள்!

உறுத்துவது ஒன்று. யார்னிங்கைத் 'தகவல் திரட்டும் கருவி' என்கிறார்கள். தலைப்பிலேயே இது செல்லுபடியாகும் முறை என்று வாதாடவும் செய்கிறார்கள். யுனிவர்சிட்டிக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே, பாவம்! ஆனால், தகவலுக்காகத்தான் சிநேகம் என்றால், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் குடும்ப நலம் விசாரிக்கிற கதையாகிவிடாதா? பி.காம். படித்த புத்தி, வரவு யார் கணக்கில் என்று கேட்கிறது. கட்டுரை ஒருத்தருக்கு, பட்டம் ஒருத்தருக்கு... கதை சொன்ன பாட்டிக்கு?

ஐந்தாவதாக ஒரு ரகம் சேர்த்திருக்கலாம். எல்லாம் அச்சான பிறகு, கையில் டேப் இல்லாமல் திரும்பப் போய்ப் பேசுவது.