ஜன்னலோர மூக்குகள்

ஐப்பசியில் ஏம்பலத்திலிருந்து கிளம்பும் வேனில் பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கோரைப்பாய் விரித்தாகிவிட்டது. இரண்டு நாட்டு நாய்களுக்கும் அதுதான் வீடு. வில்லியனூர் தாண்டும்வரை தூக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்புக்காற்று பட்டதும் ஈர மூக்குகள் ஜன்னலுக்கு வந்துவிடும். காதுகள் படபடக்க, மூக்கோரப் பிளவு வழியே பழைய மூச்சை விட்டுவிட்டுப் புதுக்காற்றை இழுக்கிற மும்முரம் இருக்கிறதே! சவுக்குத்தோப்பு ஈரம், கருவாட்டு வாடை, மழைநீர் தேங்கிய மரக்காணம் உப்பளம் எதையும் விடுவதில்லை. எனக்கென்னவோ கால்களைப் பார்ப்பதில்தான் கூடுதல் ரசனை. கியர் மாறும் சத்தத்திலேயே வளைவைக் கண்டுகொண்டு, நகங்கள் பாயைப் பற்ற, உடம்பு உள்பக்கம் சாய்ந்துவிடும். இரண்டில் கறுப்பி மட்டும் ஆட்டுமந்தையைக் கண்டால் குரைத்தே தீருவாள்; அதற்கு மருந்தே கிடையாது.