இளிவரல் என்றால் அருவருப்பா?

தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளையும் வடமொழி ரசங்களையும் எதிரெதிரே போட்ட அட்டவணைகளைப் பார்த்திருப்பீர்கள். நகைக்கு ஹாஸ்யம், அழுகைக்குக் கருணம், அச்சத்துக்குப் பயானகம். இதெல்லாம் ஏறக்குறையப் பொருந்திவிடும். மூன்றாவது மெய்ப்பாடான இளிவரலுக்கு நேரே 'பீபத்சம், அதாவது அருவருப்பு' என்று எழுதியிருக்கும். இங்கேதான் எனக்கு இடிக்கிறது.

பீபத்சம் பார்ப்பவனுடைய உணர்ச்சி. அழுகியதைக் கண்டால், நாற்றம் அடித்தால் முகம் சுளிக்கிறோமே, அது. ஆனால் தொல்காப்பியர் இளிவரலுக்குச் சொல்லும் காரணங்களைப் பாருங்கள்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. நாலில் ஒன்றுகூட அழுக்கோ நாற்றமோ இல்லை. நாலுமே ஒரு ஆளை, நேற்றுவரை இருந்த நிலையிலிருந்து கீழே இறக்கிவிடுபவை.

இதற்கு முந்தின நூற்பாவிலேயே இன்னொரு சான்று இருக்கு. அழுகை பிறக்கும் நான்கு காரணங்களில் முதலாவது இளிவு. பிறர் இகழ எளியவனாகிப் போவது என்ற பொருளில் பேராசிரியர் அதற்கு உரை சொல்கிறார். அருவருப்பில் யாராவது அழுவாங்களா? மதிப்பு போனால்தான் அழுகை வரும்.

திருக்குறளும் இந்தப் பக்கம்தான். 970, 971 என அடுத்தடுத்த இரண்டு குறள்களிலும் இளிவுக்கு எதிரே நிற்கும் சொல் ஒளி. அருவருப்புக்கு எதிர்ச்சொல் ஒளியாக இருக்க முடியாது.

புறநானூறு 243-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இளமையில் மரக்கிளையேறி ஆழமான நீரில் குதித்து, அடி மண்ணை அள்ளிவந்து காட்டியவர், இப்போது தடியூன்றி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் பேசுகிறார். அவரைப் பார்த்து நாம் முகம் சுளிப்பதில்லை. தன் நிலையை எண்ணி அவருக்கே மனம் சிறுத்துப்போகிறது. இளிவரல் அதுதான்.

மெய்ப்பாடு தன்னிடத்திலும் தோன்றும், பிறரிடத்திலும் தோன்றும் என்பது உரை மரபு. பிறரிடத்தில் தோன்றுவதை மட்டும் வைத்துக்கொண்டு 'அருவருப்பு' என்று எழுதினால், முதியவரும் நோயாளியும் சுளிக்கத்தக்க பொருளாகிவிடுகிறார்கள். அவர்கள் படும் பாடு சொல்லிலிருந்தே காணாமல் போகிறது.

'அவமானம்' என்றும் மாற்ற முடியாது. அவமானம் என்றால், செய்தவன் ஒருவன் வேண்டும். இளிவரலுக்கு அப்படி யாரும் தேவையில்லை, வயசே போதும். "எழுந்து உட்காரக்கூட அடுத்தவங்க கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது அந்தக் குரலில் இருப்பதற்கு இன்றைய பேச்சில் தனிச்சொல் இல்லை. பழைய சொல் ஒன்று இருக்கிறது. அதற்குத் தப்பான பொருள் எழுதி அதையும் இழக்க வேண்டாம்.