நூலகப் பயிற்சிக் குறுங்காணொளிகளும் நன்னூலார் கண்ட கற்பித்தல் முறையும்

பல்கலைக்கழக நூலகங்களும் கல்லூரி நூலகங்களும், புதிதாய் வரும் மாணாக்கர்க்கு நூலகத்தைப் பயன்கொள்ளும் முறையைக் கற்பித்தற்பொருட்டு, மூன்று நிமிடமும் ஐந்து நிமிடமும் ஓடும் சிறு காணொளிகளை ஆக்கி வெளியிடுதல் இந்நாளில் பெருவழக்காயிற்று. திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் கல்வி நிலையங்கள் சில வெளியிட்டனவற்றையும் பிற இடங்களில் ஆக்கப்பட்டனவற்றையும் யாம் தொடர்ந்து கண்டு வருகின்றோம். இவற்றைப் பெரும்பாலோர் கருவி நுட்பமாகவே நோக்குவர். ஒளியும் ஒலியும் செவ்விதின் அமைந்தனவா என்பதோடு அவர்தம் ஆய்வு நின்றுவிடும். ஆயின், ஒரு பொருளை வரையறுத்த அளவினுள் முறைப்படுத்திக் கேட்போர்க்கு விளங்கச் சொல்ல முற்படும் எதுவும் ஒருவகையில் நூலே. நூலெனின் அதற்குக் குற்றங்களும் அழகுகளும் உள. பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்துள் வகுத்த அளவுகோலால் இக்காணொளிகளை அளந்து காண்டல் தமிழ்த்துறையார்க்குரிய பணி எனக் கருதுகின்றோம். எவர் ஆக்கியது எனச் சுட்டுதல் ஈண்டு வேண்டா, குறை பொதுக்குறையாதலின்.

நூலகப் பயிற்சி தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த சீ. இரா. அரங்கநாதனார் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்போர் காலத்தைக் காத்தல் வேண்டும் என்பது. புதுப்படிப்பாளரை நூலகத்துள் புகுத்துதலை அவர் நூலகரின் தனிப்பணியாகவே வகுத்தார். அவர் கருத்தில் அது ஓர் ஆள் மற்றோர் ஆளுக்கு அருகிருந்து செய்யும் உதவி. மாணாக்கர் தொகை பெருகிய இக்காலத்தே அவ்வுதவியைக் காணொளியிடம் ஒப்படைத்திருக்கின்றோம்.

ஒப்படைத்ததன் பயன் யாது? முதுகலைத் தமிழ் மாணவர் ஒருவர் சிலப்பதிகாரத்தின் 1892-ஆம் ஆண்டுப் பதிப்பைத் தேடிக் கணினிப் பட்டியலின்முன் அமர்கின்றார் எனக் கொள்வோம். பதிப்பாசிரியர் பெயர் ஒரு பதிவில் சாமிநாதையர் என்றும், மற்றொன்றில் சுவாமிநாத ஐயர் என்றும் இருக்கும், உ.வே. என்னும் முன்னெழுத்துகள் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். உரோமன் எழுத்திற் பெயர்த்த பட்டியலாயின் இடர்ப்பாடு இரட்டிக்கும். சிறப்பு ழகரத்தை ஒரு நூலகம் ஈரெழுத்துச் சேர்த்து எழுதும். மற்றொன்று லகரத்திற்குரிய எழுத்தின்கீழ்க் கோடோ புள்ளியோ இடும். வேறொன்று அதுவுமின்றி வெறிதே விடும். மூன்று முறை தட்டிப் பார்த்து, நூல் இல்லை என முடிவு செய்து மாணவர் எழுந்து செல்கின்றார். நூலோ அடுக்கிலே இருக்கின்றது. பிழைமலிந்த மலிவுப் பதிப்பொன்றைக் கொண்டு அவர் ஆய்வேடு உருவாகின்றது. நம் துறைகளில் நிகழும் பாடவேறுபாட்டுப் பிழைகள் பலவற்றிற்கு அறியாமையினும் இத்தேடற்குறையே காரணமாதல் கூடும்.

இனிக் காணொளிகளுக்கு வருவோம். அவற்றிற் பலவற்றின் அமைப்பு ஒரே அச்சில் வார்த்தது போன்றது. கல்வி நிலையத்தின் இலச்சினை சுழன்று வரும், இசை முழங்கும், வான்வழி எடுத்த கட்டடத் தோற்றம் விரியும், ஆட்சிப் பொறுப்பினர் பெயர்கள் பதவிகளோடு அணிவகுக்கும், நூல்கள் எத்துணை, இருக்கைகள் எத்துணை எனத் தொகை கூறப்படும். ஐந்து நிமிடத்துள் மூன்று நிமிடம் இவ்வாறு கழியும். மாணவர்க்கு வேண்டிய தேடும் முறை கடைசி நிமிடத்தில் விரைந்து ஓடி மறையும். நூற்குற்றம் பத்தனுள் மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்னும் இரண்டிற்கும் இதனினும் தெளிவான இலக்கியம் காட்டுதல் அரிது!

மொழிநடையும் இவ்வாறே. ‘பயனர் தமது அடையாள எண்ணை உள்ளீடு செய்வதன் மூலம் நூலின் இருப்புநிலை அறியப்படலாம்’ என்னும் போக்கில் தொடர்கள் அமைகின்றன. யார் யாரிடம் பேசுகின்றார்? ஆங்கிலத்தில் எழுதிப் பின் பெயர்த்தமை ஒவ்வொரு சொல்லிலும் தெரிகின்றது. ‘உங்கள் எண்ணை இடுங்கள், நூல் உள்ளே இருக்கின்றதா, வெளியே சென்றுள்ளதா எனத் தெரியும்’ என்றால் போதும். நவின்றோர்க்கு இனிமை என்னும் அழகு செய்யுளுக்கு மட்டும் உரியதன்று.

இவற்றினும் பெருங்குறை எடுத்துக்காட்டைப் பற்றியது. தமிழ் மாணாக்கர்க்கெனத் தமிழிற் பேசும் காணொளியும், தேடிக் காட்டுவது மேலாண்மையியல் பற்றிய ஆங்கில நூலொன்றையே. ஆங்கிலத் தலைப்பைத் தட்டியவுடன் நூல் வந்து நிற்கும். இடர்ப்பாடு எதுவும் தோன்றாது. இடர்ப்பாடு தொடங்குமிடம் தமிழ்ப்பெயர். அங்கே காணொளி முடிந்துவிடுகின்றது. விளங்கு உதாரணம் என்பது எளிய உதாரணம் அன்று. கற்போன் எங்கே இடறுவானோ அங்கே விளக்கேற்றும் உதாரணமே அப்பெயர்க்கு உரியது.

நல்லனவும் இல்லாமல் இல்லை. யாம் கண்டவற்றுள் ஒன்றில் முகமே தோன்றாது. இரு கைகளும் ஒரு நூலடுக்கும் ஒரு குரலும் மட்டுமே. தூயி பகுப்புமுறையில் தமிழிலக்கியத்திற்குரிய எண் 894.811. (ஆங்கில இலக்கியத்திற்கு 820 என மூன்றே இலக்கங்கள் போதும், நம் இலக்கியம் ஆறு இலக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கின்றது என்பது வேறொரு வழக்கு.) தமிழிலக்கிய வரலாற்றுக்குரிய 894.81109 என்னும் எண், தமிழ்க் கவிதைக்குரிய 894.8111 என்பதற்கு முன்னே நிற்கும். இலக்கங்கள் மிகுந்த எண்ணே பெரிய எண் என மயங்கி மாணவர் பின்னே தேடுவர். புள்ளிக்குப் பின்வருவனவற்றை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடல் வேண்டும் என்பதனை அக்கைகள் நூல்முதுகின்மேல் விரல் வைத்துக் காட்டுகின்றன. இரண்டு நிமிடத்தில் முடிகின்றது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்னும் இரண்டும் ஒருங்கே அமைந்த படைப்பு அது.

அளவு பற்றி ஒரு சொல். எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வித்தளத்தில் 69 இலட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்தோர், ஆறு நிமிடத்திற்குட்பட்டனவே காண்போரைப் பெரிதும் ஈர்ப்பன என 2014-இல் எழுதினர். அதுமுதல் குறுமையே குணம் என்னும் கொள்கை பரவிற்று. சுருங்கச் சொல்லல் அழகாயினும் அதற்கு அடுத்த வீட்டிலே குன்றக் கூறல் என்னும் குற்றம் குடியிருக்கின்றது. இதனைத் திருவரங்கத்து உரைமரபு நன்கு அறியும். திருவாய்மொழிக்குப் பிள்ளான் ஆறாயிரப்படியும், நஞ்சீயர் ஒன்பதினாயிரப்படியும், பெரியவாச்சான் பிள்ளை இருபத்துநாலாயிரப்படியும் செய்தனர். நம்பிள்ளை கூறிய உரை ஈடு முப்பத்தாறாயிரப்படி எனப்படும். முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. உரையின் பெயரே அதன் நீளத்தைக் குறித்தலை நோக்குக. இவ்விரிவுரைகள் எழுந்த பின்னரும் வாதிகேசரி அழகிய மணவாள சீயர் பதவுரையாகப் பன்னீராயிரப்படி செய்தார். நீண்டது எழுந்தபின் குறியதற்கும் தேவை இருந்தது. அளவைத் தீர்மானித்தது காலத்தின் விரைவு அன்று. கேட்போர் யார், அவர்க்கு வேண்டுவது யாது என்பதே. பகுப்பெண் காட்ட இரண்டு நிமிடம் மிகுதி. பதிப்பு வரலாறு காட்டப் பன்னிரண்டு நிமிடமும் குறைவாகலாம்.

காணொளிக்குள்ள தனிச்சிறப்பு ஒன்றைப் பவணந்தியார் தம்மை அறியாமலே கூறிவைத்தார் எனலாம். பாடத்தை இருமுறை கேட்பின் பிழை பெரிதும் நீங்கும். மும்முறை கேட்பின் முறையறிந்து உரைக்கலாம் என்பது அவர் கருத்து. வகுப்பில் மூன்றாம் முறை கேட்கக் கூசும் மாணவர் காணொளியில் முப்பது முறை கேட்பர். ஆயின் அவரே மேலும் ஒரு கணக்குக் கூறுகின்றார். ஆசான் உரைத்ததை முற்றக் கொண்டாலும் புலமையிற் காற்கூறே வாய்க்கும். உடன் பயில்வோரோடு பயிலுதலால் மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு பிறர்க்குச் செவ்விதின் உரைத்தலால் வருவது. இக்கணக்கின்படி, எத்துணைச் சிறந்த காணொளியும் காண்போர்க்குக் காற்பங்குக்கு மேல் தர இயலாது. அரைப்பங்கு காணொளியை ஆக்கியவரிடமே தங்கிவிடுகின்றது! இன்று அதனை ஆக்குவோர் யாவர்? தேடத் தெரிந்த நூலகரும் ஒளிப்பதிவு நிறுவனத்தாரும். கற்க வேண்டிய மாணவர் பார்வையாளராகவே நிறுத்தப்படுகின்றார். எம் மறுப்பு இவ்விடத்தேதான்.

மேற்சொன்ன 1892-ஆம் ஆண்டுப் பதிப்பைத் தேடும் முறையைக் காணொளியாக்குமாறு எம் முதுகலை மாணவியர் மூவரைப் பணித்தோம். முதலில் எழுதிய உரை படித்துக் காட்டப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அதனை மூன்றாகக் குறைக்கப் புகுந்தபோதுதான், எது இன்றியமையாதது என்னும் வினா எழுந்தது. அடியார்க்குநல்லார் உரையைத் தேடுவோர்க்கு இளங்கோவடிகள் பெயர் ஒரு வாயில், உரையாசிரியர் பெயர் மற்றொரு வாயில், பதிப்பாசிரியர் பெயர் பிறிதொரு வாயில் என்பதனை அவர்கள் எந்த விரிவுரையிலிருந்தும் கற்கவில்லை. வெட்டியும் சேர்த்தும் எழுதியதாற் கற்றனர்.

மாணவர் ஆக்கின் பிழை புகாதா எனின், புகும். அப்பிழை ஆயிரவர் கைப்பேசியில் ஓடும் என்பதும் மெய். இதற்கும் திருவரங்கத்திலேயே முன்மாதிரி உண்டு. நம்பிள்ளை பகலிற் கூறியதை மாணாக்கராகிய வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் ஏடுபடுத்தினார் என்றும், ஆசிரியர் அதனை உடனே பரவவிடாது வாங்கி வைத்து, ஈயுண்ணி மாதவரிடம் ஒப்புவித்தார் என்றும், ஆசிரிய மாணாக்க வழியாக அது மணவாள மாமுனிகள் காலத்திற் பெருவழக்குற்றது என்றும் வைணவ மரபு கூறும். எழுதியவர் மாணாக்கர், வெளியிடும் அதிகாரம் ஆசிரியரிடம். நூலகரும் துறையாசிரியரும் அமர்ந்து பார்த்து, திருத்தி, இசைந்த பின்னரே காணொளி வெளிவருதல் வேண்டும். நம் முன்னோர் இதனை அரங்கேற்றம் என்றனர். நூலகர்க்கு இதனால் வேலை மிகும் என்பதனை யாம் மறுக்கவில்லை. ஆயின் அது அரங்கநாதனார் அவர்க்கென வகுத்த வேலையே.

திருச்சிராப்பள்ளியிற் காமராசர் பெயரால் பெருநூலகம் அமையும் என்னும் அரசின் அறிவிப்பு 2025-இல் வந்தது. அதற்கும் பயிற்சிக் காணொளிகள் ஆக்கப்படும். சிறப்புப்பாயிரம் கூற வேண்டியவற்றுள் கேட்போர், பயன் என இரண்டு உள. திருவரங்கத்தினின்று நாளிதழ் படிக்க வரும் முதியவர்க்கும், பதிப்புகளை ஒப்புநோக்க வரும் ஆய்வாளர்க்கும் ஒரே காணொளி பயன்படாது. முதலாமவர்க்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் முறையும், இரண்டாமவர்க்குச் சிறப்பு ழகரத்தை எத்தனை வகையில் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிதல் வேண்டும். பின்னதனை ஆக்கும் பொறுப்பை அப்பகுதித் தமிழ்த்துறைகளின் முதலாண்டு மாணாக்கரிடம் இப்பொழுதே ஒப்படைக்கலாம்.