நாகப்பட்டினத்துப் புத்தர்

நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வரலாற்றோடு நின்றுவிடுகின்றனர். ஸ்ரீவிசய மன்னன் சூளாமணிவர்மன் தொடங்கி அவன் மகன் முடித்த விகாரை, அதற்கு முதலாம் இராசராசன் அளித்த ஆனைமங்கலம், லெய்டன் செப்பேடுகள் என இவையெல்லாம் நாம் கேட்டறிந்தவையே. ஆனால் 1856 தொடங்கி அவ்வூர் மண்ணிலிருந்து வெளிப்பட்ட 350க்கும் மேற்பட்ட திருமேனிகளைக் கலைப்படைப்புகளாக நின்று நோக்கியோர் சிலரே. 1954இல் வெளிவந்த டி. என். இராமச்சந்திரனின் ஆய்வுநூல் அவ்வகையில் அருமையானது.

முதலில் தலையை நோக்குவோம். சுருள்முடியின் உச்சியில் தீக்கொழுந்தொன்று எழுகிறது, அது ஞானச்சுடர். இலங்கைப் படிமங்களிலும் இது உண்டு. செவிகளோ நீண்டு தொங்குகின்றன, துளைகள் வெறுமையாயுள்ளன. அரசகுமாரனாய் அணிந்திருந்த கனத்த குழைகளைக் களைந்தெறிந்தவர் இவர். சுடர் அவர் பெற்றதைச் சொல்கிறது. செவி அவர் விட்டதைச் சொல்கிறது. நமக்கென்னவோ செவியே ஆழமாகப் பேசுவதாகத் தோன்றுகிறது.

இவ்வடிவங்கள் மெழுகில் பிறந்தவை. சுவாமிமலை ஸ்தபதியர் இன்றும் கையாளும் முறையில், தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் சமைத்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்துவர். அந்த முதற்பூச்சே மெழுகின் நுண்ணிய கோட்டையும் பற்றிக்கொள்ளும். பின்னர்ச் சூடேற்ற மெழுகு உருகி வெளியேறும்; அது விட்ட வெற்றிடத்தில் உலோகம் பாயும். ஆறியபின் மண்கருவை உடைத்தே ஆகவேண்டும். ஆதலால் ஓர் அச்சிலிருந்து இரண்டாம் சிலை பிறப்பதில்லை. தோளோடு ஒட்டிக் கணுக்கால்வரை இறங்கும் அச்சீவர ஆடையின் மென்மை, உளி தந்ததன்று. மெழுகின்மேல் ஓடிய விரல் தந்தது.

எல்லாம் ஒரே தரத்தவை என்று நாம் சொல்லோம். சிறு நேர்த்திப் படிமங்கள் பலவற்றில் திருவாசியும் மரமும் குடையும் நெருக்க, முகம் ஒடுங்கிப்போகிறது.

இவற்றுள் ஒன்றின் பீடத்திலுள்ள தமிழ்க் கல்வெட்டு, அது அக்கசாலைப் பெரும்பள்ளிக்கு உரியது என்கிறது. அக்கசாலை என்பது பொற்கொல்லர் பட்டறை. புத்தரை 'ஆழ்வார்' என்றே குறித்து, திருவிழாவில் எழுந்தருளும் திருமேனி இது என்றும் அது தெரிவிக்கிறது. நம் திறனாய்வாளர் தவறவிடுவது இதனையே. கண்ணாடிப் பேழைக்குள், கண்ணுக்கு நேராக நிறுத்திப் பார்ப்பதற்காக இது வார்க்கப்படவில்லை. தோள்களின்மேல் அசைந்து வர, தெருவில் நிற்போர் அண்ணாந்து காண வார்க்கப்பட்டது. சப்பரம் சுமந்து பழகிய நமக்கு, கீழிருந்து காணும் முகம் எத்தனை வேறானது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் நமக்கொரு கடன் உண்டு. 1846இல் சர் வால்டர் எலியட் கண்டு எழுதிய மூன்று நிலைச் செங்கற் கோபுரத்தை, 1867இல் அரசின் இசைவோடு இடித்தவர்கள் இயேசு சபைத் துறவியரே. அது பாழடைந்திருந்தது உண்மை. தம் பணிக்குக் கட்டடம் தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் ஆழ்வார் உலா முடிந்து திரும்பிய இல்லம் எது என்று கேட்போருக்குக் காட்ட, இன்று நம்மிடம் எஞ்சியிருப்பவை சித்திரங்களே. புத்த சமயத்தைப் பெயர் சொல்லி மதித்த வத்திக்கான் சங்க ஏடு 1965இல்தான் வந்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் பலர் அவ்வூர் வழியேதான் செல்கின்றனர். அவர்களுள் எத்துணைப் பேருக்கு இக்கதை தெரியும்?

எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் செல்லும் வாசகர், அங்குள்ள நாகப்பட்டினத்துத் திருமேனிகளின் முன்னே மட்டும் நின்று திரும்பிவிட வேண்டாம். இடம் கிடைக்குமாயின் பக்கவாட்டில் சென்று முதுகையும் காண்க. உலா கடந்து சென்றபின் தெருவார் கண்டது அதனைத்தான்.